நிரந்தரம் என்று நாம் படித்த நிலம் உருகுகின்றது

சில மாதங்களுக்கு முன்னர் எமது பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுமத்தில் ஒருவர் ஒரு பள்ளிவாசலின் படத்தைப் பகிர்ந்திருந்தார். சிறிய கட்டடம், பக்கத்தில் குட்டையான ஒரு மினாரா, சுற்றிவரப் பனி. கனடாவின் வடகோடியில், ஆர்ட்டிக் வட்டத்திலிருந்தும் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வடக்கே இருக்கின்ற இனுவிக் என்ற ஊரின் பள்ளிவாசல் அது. அங்கு கட்டடம் கட்டுவதற்கான செலவு மிக அதிகம். அதனால் 2010ஆம் ஆண்டு தெற்கே வின்னிபெக் நகரில் அதனைக் கட்டி, லொறியில் ஏற்றி, பின்னர் மக்கென்சி ஆற்றின் வழியே சரக்குப் படகில் கொண்டுசென்று அந்த ஊரில் இறக்கினார்கள். ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் பயணம்.

குழுமத்தில் "மாஷா அல்லாஹ்" என்று பதில்கள் வந்து குவிந்தன. அந்த ஊரின் வேறு படங்களையும் தேடிப் பார்த்த ஒரு மாணவர் மட்டும் இப்படிக் கேட்டிருந்தார்:

"சேர், அந்த ஊருல எல்லா ஊடும் தூணுலதானே நிக்கிது? அடிக்கடி வெள்ளம் வாறதா?"

நல்ல கேள்வி. வெள்ளத்தோடு வாழ்ந்து பழகிய எமது பிரதேசத்தவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், அந்தத் தூண்கள் வெள்ளத்திலிருந்து வீட்டைக் காப்பாற்றுவதற்காக நடப்பட்டவை அல்ல. வீட்டிடமிருந்து நிலத்தைக் காப்பாற்றுவதற்காக நடப்பட்டவை.

இருபது வருடங்களுக்கு மேலாகப் புவியியல் படிப்பித்தவன் நான். கரும்பலகையில் "நிரந்தர உறைநிலம்" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வரைவிலக்கணமும் எழுதி, பிள்ளைகளைப் பாடமாக்கச் சொல்லியிருக்கின்றேன். அந்த மாணவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், நான் எழுதிய இரண்டு சொற்களில் முதலாவது சொல் பிழையாகிக்கொண்டு வருவதை உணர்ந்தேன். குழுமத்தில் நாலு வரியில் முடிக்கக்கூடிய விடயம் அல்ல இது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மண்ணுக்குள் இருக்கும் ஐஸ்

தொடர்ந்து இரண்டு வருடங்களாவது பூச்சியம் பாகை செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கின்ற நிலத்தை விஞ்ஞானிகள் உறைநிலம் என்கின்றார்கள். இரண்டு வருடம் என்பது வெறும் எல்லைக்கோடுதான். உண்மையில் அதில் பெரும்பகுதி பல்லாயிரம் வருடங்களாக உறைந்து கிடப்பது. கனடா, அலஸ்கா, சைபீரியா, திபெத் மேட்டுநிலம் என்று வட அரைக்கோளத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உறைநிலப் பிரதேசமாகும். சைபீரியாவின் சில இடங்களில் அது 1,500 மீற்றர் ஆழம் வரை செல்கின்றது.

இதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படை உண்டு. கோடையில் அது இளகும். மாரியில் மீண்டும் உறையும். புல், பாசி, செடி எல்லாம் வேர்விடுவது அந்தப் படையில்தான். அதற்குக் கீழே இருப்பது இளகுவதில்லை. இளகக் கூடாது.

உறைநிலம் என்றவுடன் கல் போன்ற மண் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் அது மண்ணும் ஐஸும் கலந்த ஒன்று. கடும் குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கும். வசந்தத்தில் பனி உருகிய நீர் அந்த வெடிப்புக்குள் இறங்கி உறையும். அடுத்த மாரியில் அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும். மீண்டும் நீர் இறங்கும். இப்படி ஆயிரக்கணக்கான வருடங்களில் மண்ணுக்குள் ஆப்பு வடிவில் பெரிய ஐஸ் பாளங்கள் வளர்ந்திருக்கின்றன. சில இடங்களில் நிலத்தின் கனவளவில் மண்ணைவிட ஐஸ்தான் அதிகம். அங்கு நிலம் நிமிர்ந்து நிற்பதே அந்த ஐஸின் பலத்தில்தான்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வரலாம். அப்படிப்பட்ட நிலத்தின் மீது சாதாரணமாக ஒரு வீட்டைக் கட்டி, உள்ளே இரவு பகலாக ஹீட்டரைப் போட்டால் என்ன நடக்கும்? வீட்டின் சூடு தரைக்குள் இறங்கும். ஐஸ் உருகும். வீடு சரியும்.

இனுவிக் 1950களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். அருகிலிருந்த அக்லாவிக் என்ற ஊர் வெள்ளத்தாலும் கரையரிப்பாலும் அவதிப்பட்டதால், அதற்குப் பதிலாகக் கனேடிய அரசாங்கம் இந்த இடத்தைத் தெரிவு செய்தது. கட்டியவர்கள் நிலத்தின் குணத்தை அறிந்திருந்தார்கள். மேலே இருந்த பாசிப் படையைச் சுரண்டி எடுக்காமல், அதன் மீதே சரளைக் கற்களைப் பரப்பினார்கள். நீராவியால் உறைநிலத்தை இளக்கித் தூண்களை இறக்கி, அவை மீண்டும் உறைந்து இறுகும் வரை பொறுத்திருந்தார்கள். அந்தத் தூண்களின் மேல் வீடுகளை வைத்தார்கள். வீட்டுக்கும் தரைக்கும் நடுவே குளிர்காற்று ஓடுவதற்கு இடைவெளி விட்டார்கள். குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும்கூட மண்ணில் புதைக்காமல், தரைக்கு மேலே பெட்டி போன்ற வழிகளில் கொண்டுசென்றார்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் பின்னால் இருந்தது ஒரேயொரு விதிதான்: எமது சூடு நிலத்தைத் தொடக் கூடாது. அந்த ஊரார் பல தசாப்தங்களாக இந்த விதியைப் பேணி வந்தார்கள். ஆனால், சூடு இப்போது வீட்டுக்குள் இருந்து வரவில்லை. வானத்திலிருந்து வருகின்றது. அதற்கு எந்தத் தூணும் தடையில்லை.

நிலம் உட்காருகின்றது

1979ஆம் ஆண்டிலிருந்து ஆர்ட்டிக் பிரதேசம் உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வந்திருப்பதாக 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலகம் ஒரு பாகை ஏறினால் எமக்கு அது வியர்வை. அங்கே அது பூச்சியத்துக்குக் கீழ் இருந்த நிலம் பூச்சியத்துக்கு மேலே செல்வது.

ஐஸ் நிறைந்த நிலம் உருகும்போது ஐஸ் இருந்த இடம் வெறுமையாகின்றது. மேலே உள்ள மண் அந்த வெறுமைக்குள் அமர்ந்துவிடுகின்றது. சமதரை மேடும் பள்ளமுமாகின்றது. பள்ளத்தில் நீர் தேங்குகின்றது. நீர் சூரிய வெப்பத்தை உறிஞ்சிக் கீழே கடத்துவதால் பள்ளம் இன்னும் ஆழமாகின்றது. சில இடங்களில் புதிய குளங்களே உருவாகின்றன. வேறு சில இடங்களில் இதற்கு நேரெதிராக நடக்கின்றது. பல நூற்றாண்டுகளாக நீர் நிறைந்திருந்த குளம், கரை உருகி உடைந்ததால் வற்றிப் போகின்றது.

இனுவிக்குக்குத் தெற்கே, ஃபோர்ட் மெக்பெர்சன் என்ற ஊருக்கு அருகில் 2015 ஜூலையில் அப்படித்தான் நடந்தது. மலைச்சரிவு ஒன்றில் ஐஸ் உருகி, நிலம் அரைவட்டமாகச் சரிந்து, அந்தச் சரிவின் விளிம்பு வருடா வருடம் பின்னோக்கி நகர்ந்து மேலே இருந்த சிறிய குளமொன்றை எட்டிவிட்டது. கடைசியில் கரை உடைந்து, குளத்து நீரின் பெரும்பகுதி சில மணித்தியாலங்களுக்குள் கீழே இருந்த பள்ளத்தாக்கில் பாய்ந்தது. அந்தக் குளம் உடையப் போகின்றது என்பதை ஆய்வாளர்கள் முன்கூட்டியே கவனித்திருந்தார்கள், மக்களுக்கும் அறிவித்திருந்தார்கள். தடுக்கத்தான் முடியவில்லை.

இனுவிக்கிலிருந்து வடக்கே சென்றால் சமுத்திரக் கரையில் டுக்டோயாக்டுக் என்ற ஊர் இருக்கின்றது. 900 பேரளவில் வாழ்கின்ற இனுவியாலுயிட் பழங்குடி மக்களின் கிராமம். அங்கு 1960களில் ஊரார் உறைநிலத்துக்குள் ஏறக்குறைய 9 மீற்றர் ஆழத்தில் அறைகளைக் குடைந்து, மீனும் இறைச்சியும் வைப்பதற்கான பொதுக் களஞ்சியம் ஒன்றை அமைத்தார்கள். மின்சாரமில்லாத டீப் பிரீசர். நிலம்தான் அவர்களின் அத்திவாரம், நிலம்தான் அவர்களின் களஞ்சியம்.

இன்று அந்தக் கிராமத்தின் கரை கரைந்துகொண்டிருக்கின்றது. முன்னர் வருடத்தின் பெரும்பகுதி கடல் உறைந்து கிடந்ததால் அலை கரையை எட்டவில்லை. இப்போது கடல் திறந்திருக்கும் காலம் நீண்டுவிட்டது. அலை அடிக்கின்றது, அடிபடும் கரையோ ஐஸ் கலந்த மண். மேலே வெப்பம், கீழே அலை. கரையோரம் இருந்த சில வீடுகளை 2020இல் உள்நோக்கி இழுத்து நகர்த்த வேண்டியதாயிற்று. துறைமுகத்துக்கு அரணாக முன்னே நிற்கின்ற சிறு தீவும் வருடத்துக்கு ஏறக்குறைய 2 மீற்றர் வீதம் அரிக்கப்பட்டு வருகின்றது. அது போய்விட்டால் அடுத்த அலை நேராக ஊருக்குத்தான். கிராமத்தின் இளைஞர்கள் தமது நிலையை ஆவணப்படமாக எடுத்து, 2019இல் மட்ரிட் நகரில் நடைபெற்ற காலநிலை மாநாட்டுக்கே கொண்டுசென்று காட்டினார்கள்.

இந்த இரண்டு ஊர்களையும் இணைத்து 2017 நவம்பரில் ஒரு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 138 கிலோமீற்றர். அதற்கு முன்னர் மாரியில் உறைந்த ஆற்றின் மீதும் கடலின் மீதும்தான் வாகனம் ஓடியது. புதிய பாதைக்காக நிலத்தை வெட்டவில்லை. வெட்டினால் ஐஸ் வெளிப்பட்டுவிடும் என்பதால், உறைந்த தரையின் மேல் துணி போன்ற விரிப்பைப் போட்டு, அதன் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். அவ்வளவு கவனமாகக் கட்டிய பாதையும் அங்கங்கே அமிழ்ந்து, தொடர்ந்து திருத்த வேலைகளைக் கேட்டுக்கொண்டேயிருக்கின்றது.

வெப்பமானி சொல்லாத செய்தி

இதில் எனக்கு மிகவும் கவலை தருகின்ற ஓர் அம்சம் உண்டு. சாதாரண தர விஞ்ஞானத்தில் மறைவெப்பம் படித்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும்.

ஒரு கோப்பையில் ஐஸ் துண்டுகளைப் போட்டு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பூச்சியத்தை எட்டியதும் வெப்பமானி அசையாமல் நிற்கும். வெப்பம் வரவில்லை என்பதல்ல அதன் அர்த்தம். வருகின்ற வெப்பம் எல்லாம் ஐஸை உருக்குவதில் செலவாகின்றது. கடைசித் துண்டும் உருகிய பின்னர்தான் வெப்பமானி மேலே ஏறும்.

உறைநிலமும் அப்படித்தான். பூச்சியத்தை நெருங்க நெருங்க அதன் வெப்பநிலை மிக மெதுவாகவே ஏறும். எண்களை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். ஆனால், உள்ளே ஐஸ் நீராகிக்கொண்டிருக்கும். பூச்சியத்துக்குக் கீழ் 5 பாகையில் இருக்கின்ற நிலம் தாங்கும் பாரத்தை, பூச்சியத்துக்குக் கீழ் 1 பாகையில் இருக்கின்ற அதே நிலம் தாங்காது. இரண்டுமே உறைந்த நிலம்தான். ஒன்று தூணை இறுகப் பிடித்திருக்கும். மற்றையது பிடியை விட்டுக்கொண்டிருக்கும்.

2020 மே மாத இறுதியில் ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகருக்கு அருகே எரிபொருள் தாங்கி ஒன்று உடைந்து 20,000 தொன்னுக்கும் அதிகமான டீசல் வெளியேறி ஆறுகளில் கலந்தது. அந்த நகரமும் உறைநிலத்தின் மீது தூண்களில் நிற்கின்ற நகரம்தான். தாங்கிக்குச் சொந்தமான கம்பனி முதலில் உறைநிலம் உருகியதைக் காரணமாகச் சொன்னது. பின்னர் நடைபெற்ற அரச விசாரணை, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது.

இதிலிருந்து எமக்கும் ஒரு பாடம் உண்டு. நிலம் மாறுகின்றது என்பது உண்மை. ஆனால், அது மாறுகின்றது என்று தெரிந்த பின்னரும் தூண்களைப் பரிசோதிக்காமல் இருப்பது மனிதரின் குற்றம். காலநிலையைச் சாட்டுச் சொல்லி யாரும் தமது பொறுப்பிலிருந்து நழுவிவிட இடமளிக்கக் கூடாது. அலஸ்காவின் எண்ணெய்க் குழாயை 1970களில் அமைத்தபோதே பொறியியலாளர்கள் அதன் பாதிக்கும் மேற்பட்ட நீளத்தைத் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். மண்ணின் சூட்டை மாரியில் வெளியே கடத்துகின்ற குழாய்களை அதன் தாங்கு தூண்களில் பொருத்தினார்கள். அறிவும் பணமும் கவனமும் இருந்தால் சில கட்டடங்களின் கீழே நிலத்தைக் குளிராக வைத்திருக்க முடியும். முழு ஆர்ட்டிக்குக்கும் அப்படிக் குழாய் போட முடியாது.

குண்டு அல்ல, கடன்

இதுவரை சொன்னது அங்கு வாழ்பவர்களின் இழப்பு. இனி எல்லோருக்கும் பொதுவானது.

ஆர்ட்டிக்கில் செடி செத்தால் எளிதில் உக்குவதில்லை. குளிர் அதனை உக்க விடாமல் வைத்திருக்கும். இப்படிப் பல்லாயிரம் வருடங்களாகச் சேர்ந்த இலை, வேர், விலங்குகளின் எச்சம் எல்லாம் உறைநிலப் பிரதேச மண்ணில் கிடக்கின்றன. அதிலுள்ள காபனின் அளவு ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் கோடி தொன் என மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று வளிமண்டலத்தில் இருக்கின்ற காபனைப் போல் அது இரு மடங்கு அளவாகும்.

பிரீசரில் வைத்த இறைச்சி பழுதாவதில்லை. கரண்ட் போனால் மறுநாளே மணக்கத் தொடங்கும். அங்கும் அதுதான் நடக்கின்றது. மண் இளகியதும் நுண்ணங்கிகள் விழித்துத் தமது வேலையைத் தொடங்குகின்றன. காற்றுப்படும் இடங்களில் காபனீரொட்சைட்டு வெளிவருகின்றது. நீர் தேங்கிய இடங்களில் மெதேன் வெளிவருகின்றது. இரண்டும் பூமியை மேலும் சூடாக்குபவை. மேலும் சூடானால் மேலும் உருகும். காட்டுத்தீயும் இதில் சேர்ந்துகொள்கின்றது. மண்ணுக்குப் போர்வையாக இருந்த பாசிப் படை எரிந்துவிட்டால், அதன் கீழே உள்ள நிலம் இன்னும் விரைவாக இளகும். தீயினால் வெளியாகும் காபனையும் சேர்த்துக் கணக்கிட்டால், காபனை உள்வாங்கி வைத்திருந்த ஆர்ட்டிக் தரைச்சமவெளி இப்போது அதனை வெளிவிடுகின்ற ஒன்றாக மாறிவிட்டது என அமெரிக்க ஆய்வு நிறுவனமான நோவாவின் 2024ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது.

இந்த இடத்தில்தான் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் "மெதேன் குண்டு வெடிக்கப் போகின்றது, உலகம் அழியப் போகின்றது" என்ற தலைப்புகள் சுற்றுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம். எல்லாக் காபனும் ஒரே நாளில் வெளியே பாய்ந்துவிடும் என்று உறைநிலத்தை ஆராய்கின்றவர்கள் பொதுவாகச் சொல்வதில்லை. பல தசாப்தங்களாக, நூற்றாண்டுகளாகக் கசிந்துகொண்டிருக்கும் என்றே சொல்கின்றார்கள். அதேபோல, உறைநிலம் உருகுவதால் மட்டும் கடல்மட்டம் பெரிதாக உயர்ந்துவிடும் என்ற கதையும் சரியானதல்ல. கடல்மட்டத்தை உயர்த்துவது முக்கியமாகக் கடல் சூடாகி விரிவதும், கிரீன்லாந்து, அந்தாட்டிக்கா போன்ற தரையின் மேலுள்ள பனிப்பாளங்கள் உருகுவதுமாகும்.

குண்டு இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இதனை நான் ஒரு கடனாகத்தான் பார்க்கின்றேன். குண்டு ஒருமுறை வெடித்து ஓயும். கடன் சத்தமில்லாமல் வளரும். உலக நாடுகள் தமது வாகனங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கணக்குப் போட்டு இவ்வளவு குறைக்கின்றோம் என்று வாக்குறுதி அளிக்கலாம். இளகிய மண்ணிலிருந்து வருகின்ற காபன் எந்த மாநாட்டிலும் கையொப்பமிடாது. அது வருகின்ற அளவுக்கு நாம் இன்னும் அதிகமாகக் குறைக்க வேண்டியிருக்கும். அந்தக் காபனுக்கு எல்லையும் கிடையாது. அது கனடாவில் வெளிவந்தாலும் நாம் சுவாசிக்கின்ற அதே வளிமண்டலத்தில்தான் கலக்கின்றது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தக் கடனை வாங்கியவர்கள் வேறு, முதலில் கட்டுபவர்கள் வேறு. டுக்டோயாக்டுக்கில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த மக்கள் உலக வளிமண்டலத்தில் சேர்த்த புகை எவ்வளவு? ஆனால், கரையிலிருந்து வீட்டை இழுத்து நகர்த்துபவர்கள் அவர்கள்தான்.

இன்னும் எஞ்சியிருப்பது

இளகிய நிலத்தை மீண்டும் உறைய வைக்கலாமா என்று கேட்டால், நானும் நீங்களும் நமது பேரப்பிள்ளைகளும் வாழ்கின்ற காலத்துக்குள் அது நடக்கப் போவதில்லை. பல்லாயிரம் வருடங்களில் சேர்ந்த ஐஸும் காபனும் ஒரு தலைமுறையில் திரும்பி வராது.

ஆனால், இன்னும் உருகாதது நிறைய இருக்கின்றது. பூமியின் சராசரி வெப்பநிலை ஒவ்வொரு பாகை உயரும்போதும், மேல் 3 மீற்றரிலுள்ள உறைநிலத்தின் கனவளவு ஏறக்குறைய 25 சதவீதம் குறையும் என ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு 2021இல் மதிப்பிட்டது. இந்தக் கணக்கை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். ஒரு பாகை கூடினால் இவ்வளவு போகும். ஒரு பாகையைத் தடுத்தால் இவ்வளவு மிஞ்சும். அரைப் பாகையும் வீணல்ல. "எல்லாம் முடிந்துவிட்டது, இனி என்ன செய்து என்ன" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் காட்டுவேன்.

அந்த மாணவருக்கு நான் கடைசியில் இப்படி எழுதினேன்: "தம்பி, அந்தத் தூண்கள் வெள்ளத்துக்காக அல்ல. தங்களுடைய சூடு நிலத்தைத் தொடக் கூடாது என்று அந்த மக்கள் எடுத்துக்கொண்ட கவனம் அது. அவர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். கவனமில்லாமல் இருந்தது மற்ற உலகம்."

அதற்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்தேன். முன்னர் என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் அந்தக் குழுமத்தில் இருப்பதால் அது அவர்களுக்கும் சேர்த்துத்தான். "நான் கரும்பலகையில் எழுதித் தந்த 'நிரந்தர உறைநிலம்' என்பதில் 'நிரந்தர' என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். வெறுமனே உறைநிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றச் சொல்லையும் வெட்ட வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் காலத்து வேலை."